மருத்துவபீடம் மட்டும்தானா?

உயர்தர உயிரியல் பிரிவில் கற்கும் மாணவியிடம் என்னவாக விருப்பம் என்று கேட்டால், பெரும்பாலும் 'டொக்டர்' என்ற ஒற்றைச் சொல்லே பதிலாக வரும். இசட் புள்ளி சற்றுக் குறைந்து மருத்துவபீடம் கைநழுவினால் வீடே துக்க வீடாகிவிடுகிறது. மருந்து எழுதிக்கொடுக்கும் கையை மதிக்கும் நாம், அந்த மருந்தைத் தேடிக் கண்டுபிடித்த கையை நினைப்பதேயில்லை.

கற்பிட்டிக் கரையில் எம் பிள்ளைகள் சங்கு பொறுக்குவதைப் போல, பிலிப்பைன்ஸில் சங்கு சேகரித்து வளர்ந்தவர் பல்டொமேரோ ஒலிவேரா. அமெரிக்காவில் உயிர் இரசாயனம் கற்று நாடு திரும்பியபோது, டி.என்.ஏ. ஆய்வைத் தொடர அவருக்குக் கருவிகள் கிடைக்கவில்லை. அவர் சோர்ந்துவிடவில்லை. தம் கடலிலேயே கிடைக்கும் கூம்பு வடிவச் சங்குகளின் நஞ்சை ஆராயத் தொடங்கினார். இவற்றில் சில மீனைக் குத்தி விறைக்கச் செய்து விழுங்குபவை. மனிதரைக் கொல்லக்கூடிய இனமும் உண்டு.

பின்னர் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில், அவரது ஆய்வுகூடத்தில் திருப்பத்தை ஏற்படுத்தியவர்கள் பட்டம் பெறாத மாணவர்கள். நஞ்சின் கூறுகளைத் தனித்தனியே சுண்டெலியின் மூளைக்குள் செலுத்திப் பார்க்கலாம் என்றவர் கிரேக் கிளார்க். ஒரு கூறு குட்டி எலிகளை உறங்கவைத்தது, இன்னொன்று நடுங்கவைத்தது. நடுங்கவைத்ததைப் பிரித்தெடுத்த மைக்கல் மெக்கின்டொஷ், பாடசாலை முடித்த கையோடு அங்கு சேர்ந்தவர். அது முதுகுத்தண்டில் வலிச் செய்தியைக் கடத்தும் நரம்புகளின் கல்சிய வாயில்களை அடைக்கிறது. அதிலிருந்து உருவான சிகொனொடைட் 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வேறு மருந்துகளுக்கு அடங்காத கடும் வலிக்கு, முதுகுத்தண்டைச் சூழ்ந்த திரவத்தில் அது செலுத்தப்படுகிறது.

உறங்கவைத்த கூறோ ஆய்வுகூட விலங்குகளில் வலிப்பைத் தடுத்தது. ஆனால் மருந்தாக வெளிவரவில்லை. உலகில் வலிப்பு நோயாளரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இன்றுள்ள மருந்துகளால் வலிப்பு முழுமையாக அடங்குவதில்லை. எனவே தேடலுக்கு இன்னும் ஆள் தேவை.

நிவாரணமின்றி எந்த நோயையும் அல்லாஹ் இறக்கவில்லை என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. வலிப்பு வந்தவரின் கையில் இரும்பைத் திணிப்பதும், ஜின் பிடித்ததென்று மருந்தை நிறுத்துவதும் அந்தப் போதனைக்குப் பொருந்துமா? இறக்கப்பட்ட நிவாரணத்தைத் தேடி எடுப்பதும் இபாதத்தாகாதா?

ஆகவே பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் கேட்பது அதிகமில்லை. உயிர் இரசாயனம், மருந்தியல், கடல்சார் உயிரியல் ஆகியவற்றை மருத்துவம் கிடைக்காதவர்கள் ஒதுங்கும் இடமாகப் பேசாதீர்கள். கல்லூரி விஞ்ஞான மன்றம் ஆண்டுக்கு ஒருமுறையேனும் மாணவிகளைப் புத்தளம் களப்புக்கு அழைத்துச் செல்லட்டும். பரீட்சை வினாவுக்கு விடை எழுதப் பழகிய நாம், அங்கு எமக்கே ஒரு வினா தோன்றும்வரை நின்று பார்ப்போம்.

மருத்துவபீடம் செல்பவளை மனமார வாழ்த்துவோம். செல்லாதவளிடம் துக்கம் விசாரிப்பதை நிறுத்திவிட்டு, எதைத் தேடப் போகிறாய் என்று கேட்போம்.