சாலை மரம் யாருடைய சொத்து?

நாஞ்சில் நாட்டிலே மரத்தின் பேரைச் சுமந்து நிற்கும் இடங்களுக்குக் குறைவில்லை. நாகர்கோவிலின் நடுவிலே வேப்பமூடு இருக்கிறது. புன்னைநகர் இருக்கிறது. மூடு என்றால் மரத்தின் அடி. அந்த அடியிலேதான் நம் முன்னோர்கள் சுமை இறக்கினார்கள்; கூலி பேசினார்கள்; மழைக்கு ஒதுங்கினார்கள். சங்கத்துக்குக் கட்டடம் வருவதற்கு முன்னால் மரத்தடிதான் சங்கக் கட்டடம்.

இன்று பல ஊர்களிலே பேர் மட்டும் நிற்கிறது. மூடு எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகிற கனவானுக்குச் சாலையோர மரம் ஒரு வேடிக்கை. இருந்தால் பார்ப்பார், இல்லாவிட்டால் அவருக்கு ஒன்றும் குறைந்துவிடாது. முந்திரிக் கொட்டைப் பாலிலே கை வெந்து, வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் பெண்ணுக்கு அப்படியல்ல. மீன் பெட்டியைத் தலையிலே சுமந்து தெருத்தெருவாக நடக்கும் தாய்க்கு அப்படியல்ல. ஷிப்டு முடிந்து வெளியே வரும் மில் தொழிலாளிக்கும், நடவு முடித்துக் கரையேறும் விவசாயக் கூலிக்கும் சித்திரை வெயிலில் பத்தடி நிழல் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கூலியும் குடிதண்ணீரும் எப்படியோ, நிழலும் அப்படியே உழைப்பாளியின் அன்றாடப் பிரச்னை.

ஆகவே கேட்கிறோம்: ஊர்ப் பொது மரத்தை ஊர் எப்படிப் பராமரிக்கிறது? வெட்டுவதா, வைத்திருப்பதா என்று முடிவு செய்வது யார்?

விழா நடக்கிறது, மரம் வளரவில்லை

1950-ஆம் ஆண்டில் மத்திய மந்திரியாயிருந்த கே.எம்.முன்ஷி வனமகோத்சவம் என்ற மரநடு விழாவைத் தொடங்கி வைத்தார். அன்று முதல் ஆண்டுதோறும் குழி தோண்டப்படுகிறது; பிரமுகர் வருகிறார்; கன்றைத் தொடுகிறார்; படம் எடுக்கிறார்கள். 2022 செப்டம்பரில் தமிழக அரசு பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைத் தொடங்கியது. மாநிலத்தின் காடும் மரப்பரப்பும் 33 சதவீதமாக உயர வேண்டும் என்பது அதன் லட்சியம். நல்ல லட்சியம்தான், நாமும் வரவேற்கிறோம்.

ஆனால் நட்ட கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது யார்?

நம் மாவட்டத்துக்கு இயற்கை கொடுத்த வரம் பெரிது. தென்மேற்குப் பருவமழையும் உண்டு. வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆனியிலும் ஐப்பசியிலும் நட்டால் கன்று தானாகவே வேர் பிடிக்கும். அதற்கு எமன் மாசி முதல் சித்திரை வரை காயும் வெயில்தான். மூன்று கோடையைத் தாண்டிவிட்டால் வேம்பும் புளியும் புன்னையும் பிறகு யார் தயவையும் எதிர்பார்க்காது. அந்த மூன்று கோடைக்கு வேண்டியது தினம் ஒரு குடம் தண்ணீர், ஆடுமாடு கடிக்காமல் ஒரு கூண்டு, கவனிக்க ஓர் ஆள். கணக்கு எழுதுகிறவர்கள் குழிக்கு எழுதுகிறார்கள், கன்றுக்கு எழுதுகிறார்கள், பந்தலுக்கும் எழுதுகிறார்கள். அந்த ஆளின் கூலியை எழுத மட்டும் பேனா வருவதில்லை. மறு ஆண்டு அதே குழியிலே வேறு கன்று, வேறு பிரமுகர், புதிய படம்!

மதுரையிலிருந்து கன்னியாகுமரி வரை சாலை போட்டு மரம் வைத்தவர் ராணி மங்கம்மாள் என்று ஊரார் சொல்வதுண்டு. ராணியின் பேர் நிலைத்துவிட்டது. குடம் சுமந்து தண்ணீர் விட்ட கைகளின் பேர் யாருக்குத் தெரியும்? அந்தக் கைகளை மறக்கும் பழக்கம் இன்றும் போகவில்லை.

கோடாலி இல்லாமலும் கொல்லலாம்

நாகர்கோவில் எழுத்தாளர் சுந்தர ராமசாமி 1966-ல் வெளியிட்ட 'ஒரு புளியமரத்தின் கதை' என்ற நாவலைப் பலர் அறிவார்கள். ஊர்ச் சந்தியிலே நிற்கும் ஒரு புளியமரம். அதைச் சுற்றி வியாபாரிகளின் போட்டி. நகரசபைத் தேர்தலின் சூழ்ச்சி. கடைசியில் மரத்துக்கு விஷம் வைக்கிறார்கள். மரம் யாருக்கும் தீங்கு செய்யவில்லை. சண்டை போட்டவர்களுக்கு நடுவிலே நின்றதுதான் அது செய்த குற்றம்.

அது கதை. நிஜத்திலே விஷம்கூடத் தேவைப்படுவதில்லை. நடைபாதை போடுகிற காண்டிராக்டர் மரத்தின் அடிவரைக்கும் சிமெண்டை இழுத்துப் பூசுகிறார். மழை பெய்தாலும் ஒரு சொட்டு வேருக்கு இறங்காது; காற்றும் இறங்காது. ஓடை வெட்டுகிறவர்கள் ஒருபக்கத்து வேரை அறுத்துவிட்டுப் போகிறார்கள். கம்பிக்கு இடைஞ்சல் என்று ஒருபக்கத்துக் கிளைகளை மொட்டையடிக்கிறார்கள். மிச்சமிருக்கும் பட்டையிலே டியூஷன் சென்டர்காரர் ஆணி அடிக்கிறார், மனை விற்பவர் ஆணி அடிக்கிறார், கட்சிக்காரரும் அடிக்கிறார். எந்தக் கட்சியின் தட்டியானாலும், நம்முடையதே ஆனாலும், ஆணி ஆணிதான். அது மரத்தில் ஏறக்கூடாது.

இப்படி நாலு பக்கமும் வதைத்த பிறகு, "மரம் பட்டுவிட்டது, ஆபத்து" என்று ஒரு மனு வருகிறது. பட்ட மரம் ஏலத்துக்குப் போகிறது.

ஒக்கியின் பேரைச் சொல்லி

"ஒக்கி புயலை மறந்துவிட்டீர்களா?" என்று சிலர் கேட்கிறார்கள். மறக்கவில்லை. 2017 நவம்பர் 30-ந் தேதி நம் மாவட்டத்தை அடித்த அந்தப் புயல் கடலிலே நம் மீனவச் சகோதரர்களை வாரிக்கொண்டு போனது. கரையிலே ரப்பரும் வாழையும் சாலை மரங்களும் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. வெளி மாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரியத் தொழிலாளர்கள் இரவு பகலாகக் கம்பம் நட்டார்கள். அந்த உழைப்புக்கு இந்த மாவட்டம் கடன்பட்டிருக்கிறது.

மரம் விழுந்தால் உயிர் போகும் என்பது உண்மை. உளுத்துப்போன மரத்தை வைத்திருக்கச் சொல்லி நாம் வாதாடவில்லை. ஆனால் வேர் அறுபட்ட மரமும், ஒருபக்கம் கிளை இழந்து பாரம் சாய்ந்த மரமும் காற்றுக்கு முதலில் பலியாகும் என்பது விவசாயிக்குத் தெரிந்த சங்கதி. சீக்கிரம் வளரும் என்று நட்ட குல்மொஹர் போன்ற அந்நிய மரங்களின் கிளை முறிகிற வேகமும் அவனுக்குத் தெரியும். அப்படியானால் பரிகாரம் என்ன? ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன்னால், தெரிந்த ஆளை வைத்து ஒவ்வொரு மரத்தையும் சோதித்து, பாரம் பார்த்துக் கிளை கழிக்க வேண்டும். அதைச் செய்யாமல் புயலின் பேரைச் சொல்லி நல்ல மரத்தையும் தறிப்பது, காய்ச்சல் வந்தவனைச் சுடுகாட்டுக்கு அனுப்புகிற வைத்தியம்!

விறகு விலையா, உயிரின் விலையா?

ஏலத்திலே மரத்துக்கு என்ன விலை? விறகு விலை. வேறு ஒரு கணக்கும் நாட்டிலே உண்டு. மேற்கு வங்கத்தில் ரயில்வே மேம்பாலங்களுக்காக மரம் வெட்டும் வழக்கிலே சுப்ரீம் கோர்ட் நியமித்த நிபுணர் குழு 2021-ல் ஒரு கணக்குச் சொன்னது. ஒரு மரத்தின் மதிப்பு அதன் வயதில் ஓர் ஆண்டுக்கு 74,500 ரூபாய் என்பது அந்தக் கணக்கு. அந்தக் கணக்குப்படி ஐம்பது வயதுப் புளியமரத்தின் மதிப்பு 37 லட்சத்து 25 ஆயிரம் ரூபாய்! நிழலை ரூபாயிலே அளப்பது நமக்குச் சம்மதமில்லை. ஆனாலும் பொதுச் சொத்து எவ்வளவு மலிவாகப் போகிறது என்பதை இந்தக் கணக்கு வெட்ட வெளிச்சமாக்குகிறது.

"வெட்டினால் ஒன்றுக்குப் பத்து நடுவோம்" என்று உறுதி சொல்கிறார்கள். பத்துக் கன்று இன்றைக்கு ஓர் ஆளுக்குக்கூட நிழல் தராது. ஐம்பது ஆண்டு கழித்து வரும் நிழலில் இன்றைய கூலிக்காரி நிற்க முடியாது.

இது நம் ஊரில் மட்டும் நடக்கிற கொடுமையும் அல்ல. இங்கிலாந்திலே ஷெபீல்டு என்பது உருக்குத் தொழிலுக்குப் பேர்போன நகரம். அந்த நகர கவுன்சில் 2012-ல் சாலைகளையும் சாலை மரங்களையும் 25 ஆண்டுக்கு ஒரு தனியார் கம்பெனியிடம் ஒப்படைத்தது. ஆண்டது லேபர் கட்சி! சுமார் 5,500 மரங்கள் வெட்டுப்பட்டன. 2016 நவம்பரில் விடியுமுன்பே போலீசோடு வந்து வெட்டினார்கள். தடுத்து நின்ற, எழுபது வயதை எட்டிய பெண்களைக் கைது செய்தார்கள். ஜனங்கள் விடவில்லை, தெருத்தெருவாக நின்றார்கள். 2018-ல் வெட்டு நின்றது. 17,500 மரங்களை மாற்றலாம் என்று ஒப்பந்தத்திலே எழுதியிருந்தது அந்த ஆண்டுதான் வெளியே வந்தது. 2023-ல் விசாரணை அறிக்கை வந்தபின் கவுன்சில் மன்னிப்புக் கேட்டது. பொதுச் சொத்தின் கணக்கை மூடி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இது பாடம்.

நாம் கேட்பது

தமிழ்நாட்டிலே 2021 முதல் மாவட்டந்தோறும் கலெக்டர் தலைமையில் பசுமைக் குழு இருக்கிறது. பொது இடத்து மரத்தை வெட்ட அதன் அனுமதி வேண்டும். விதி நல்லது. ஆனால் மரத்தடியில் நிற்பவருக்குச் சேதி தெரிவது ரம்பம் வந்த பிறகுதான் என்றால் அந்த விதியால் என்ன பயன்? ஆகவே நம் கோரிக்கைகள் நான்கு:

ஒன்று: ஒவ்வொரு வார்டிலும் பொது மரங்களுக்குப் பதிவேடு வேண்டும். என்ன மரம், எங்கே நிற்கிறது என்பது யார் கேட்டாலும் காட்டும்படி இருக்க வேண்டும்.

இரண்டு: வெட்டும் யோசனை வந்தால் காரணத்தைத் தமிழில் எழுதி அந்த மரத்தருகிலேயே முன்கூட்டி வைக்க வேண்டும். ஊராரின் ஆட்சேபத்தைக் கேட்ட பிறகே முடிவு எடுக்க வேண்டும்.

மூன்று: அடிமரத்தைச் சுற்றிச் சிமெண்டு போடாமல் மண் விட வேண்டும். வேரை அறுக்கும் காண்டிராக்டரின் பில்லில் பிடித்தம் செய்ய வேண்டும்.

நான்கு: கன்றுக்குத் தண்ணீர் விடவும் கிளை கழிக்கவும் நிரந்தர ஆட்களை நியமித்து, சட்டப்படி கூலி கொடுக்க வேண்டும். மரம் ஏறுகிறவருக்குக் கயிறும் தலைக்கவசமும் கொடுக்க வேண்டும். மரத்தைக் காக்கிறோம் என்று தொழிலாளியைப் பலி கொடுக்கக் கூடாது.

இவற்றில் எதுவும் சர்க்காரைத் திவாலாக்கும் கோரிக்கை அல்ல. ஒரு விழாப் பந்தலின் செலவிலே பல கன்றுகள் ஒரு கோடையைத் தாண்டும்.

தோழர்களே! கிராமத்தில் இருப்பவர்களுக்கு மே 1-ந் தேதி கிராம சபை உண்டு. நகரத்திலும் பேரூராட்சியிலும் இருப்பவர்களுக்கு 2022 நவம்பர் 1-ந் தேதி முதல் பகுதி சபை என்று ஓர் அமைப்பு உண்டு. அங்கே ரோடும் விளக்கும் கேட்கும்போது மரத்தின் கணக்கையும் கேளுங்கள். எத்தனை நட்டீர்கள், எத்தனை பிழைத்தன, எத்தனை வெட்டினீர்கள், பணம் எங்கே போனது என்று கேளுங்கள். பதிலை எழுத்திலே வாங்குங்கள். சாலை மரம் அதன் நிழலில் நிற்பவனின் சொத்து. சொத்துக்காரன் கணக்குக் கேட்காத வரையில் கோடாலிக்காரனுக்குக் கொண்டாட்டம்தான்.