எரியும் விளக்கை அணைப்பது ரிப்பேர் அல்ல

பூலாம்பாடி டீக்கடை பெஞ்சில் கார் பேச்சு எழுந்தால் இரண்டு அருள்வாக்கு தவறாமல் வரும். “ஓப்பன் ஃபில்டர் போடு மாப்ள, பிக்கப்பும் மைலேஜும் பிச்சுக்கும்” என்பது முதல் வாக்கு. போட்ட மறுவாரமே டேஷ்போர்டில் மஞ்சளாக செக் என்ஜின் விளக்கு எரியும். அப்போது இரண்டாவது வாக்கு: “அது சும்மா சென்சார் கம்ப்ளெய்ன்ட். பேட்டரி வயரைக் கழற்றி மாட்டு, போயிடும்.” இரண்டுமே காசுக்கும் கேடு, என்ஜினுக்கும் கேடு.

கார்புரேட்டர் வைத்த அம்பாசடர் காலத்தில் ஏர் ஃபில்டர் அடைத்தால் வண்டி பெட்ரோலைக் கூடுதலாகக் குடித்தது உண்மைதான். இன்றைய பெட்ரோல் வண்டியிலோ, உள்ளே போகும் காற்றைக் கணக்கிட்டு அதற்குத் தக்கபடி என்ஜின் கம்ப்யூட்டரான இசியு பெட்ரோல் விடுகிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்துச் சோதித்து, 2009-இல் முடிவை வெளியிட்டது. புது வண்டிகளில் மைலேஜ் சொல்லும்படி குறையவில்லை, வேகமெடுப்பதுதான் மந்தமானது. அடைத்தே குறையாத மைலேஜ், திறந்துவிட்டால் எப்படி ஏறும்? “ரேஸ் வண்டியில் போடுகிறார்களே” என்பார்கள். அங்கே இசியு ட்யூனிங்கையும் சேர்த்து மாற்றுகிறார்கள். நம் வண்டியில் பானெட்டுக்குள் திறந்து கிடக்கும் ஃபில்டர் என்ஜின் சூட்டுக் காற்றைத்தான் இழுக்கிறது. கூடுவது சத்தம், அதைத்தான் பிக்கப் என்று காது நம்புகிறது.

இனி விளக்கு. பல கார்களில் ஃபில்டரைத் தாண்டியதும் குழாயில் காற்றை அளக்கும் மாஃப் சென்சார் இருக்கும். அதற்குள் சூடேறிய மெல்லிய கம்பியோ தகடோ உண்டு. காற்று பட்டு எவ்வளவு ஆறுகிறது என்பதை வைத்துக் காற்றின் அளவு தெரிகிறது. அந்தக் கணக்கு கம்பெனிக் குழாயின் அகலத்துக்கு எழுதியது. அகலமான குழாய் மாட்டினால் அந்த இடத்தில் காற்றின் வேகம் குறையும். சென்சார் குறைத்துச் சொல்லும். பெட்ரோலும் குறைவாக வரும். 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற எடைக் கணக்கைக் காப்பாற்ற இசியு முடிந்தவரை சரிக்கட்டிப் பார்க்கும். முடியாதபோது பி0171 என்ற கோளாறு கோடைக் குறித்துக்கொண்டு விளக்கைப் போடும். சென்சாருக்குப் பின்னால் கிளாம்ப் தளர்ந்து கள்ளக் காற்று புகுந்தாலும், காட்டன் ஃபில்டரில் தாராளமாகத் தடவிய எண்ணெய் கம்பியில் படிந்தாலும் இதே கதைதான். மாஃப் இல்லாத சின்ன பெட்ரோல் கார் என்றால், கழற்றியபோது மாட்ட மறந்த ஹோஸையும் கனெக்டரையும் தேடுங்கள்.

பேட்டரி வைத்தியம் இதில் எதையும் தொடுவதில்லை. இப்படிப்பட்ட கோளாறு பெரும்பாலும் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் தெரிந்த பிறகுதான் விளக்கு எரியும். அதனால்தான் அழித்த மறுநாள் “சரியாயிடுச்சு” என்கிறோம், நாலாம் நாள் மறுபடி எரிகிறது. இதற்குள் இசியு எழுதி வைத்த தடயமும் அழிந்துவிடுகிறது.

செய்ய வேண்டியது எளிது. சில நூறு ரூபாய் ப்ளூடூத் ஸ்கேனரில் கோடைப் படித்து முதலில் குறித்துக்கொள்ளுங்கள். கிளாம்ப், ஹோஸ், கனெக்டரைப் பாருங்கள். சென்சாரை அதற்கான ஸ்பிரேயால் மட்டும் கழுவுங்கள். விரலும் கூடாது, கம்ப்ரசர் காற்றும் கூடாது. பிறகு கம்பெனி ஃபில்டர் பெட்டியையே மாட்டி, கோடை அழித்து, ஒரு வாரம் ஓட்டுங்கள். விளக்கு வராவிட்டால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் ஓட்டாமல் ஓரம் கட்டுங்கள். அது மிஸ்ஃபயர், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையே எரித்துவிடும்.

இவ்வளவு சொல்லியும் ஓப்பன் ஃபில்டரை விடாதவர்களுக்கு, அது தூசியைத் தடுக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை. மக்காச்சோளம் அடிக்கும் பருவத்தில், கல் ஏற்றிய டிப்பர்களுக்குப் பின்னால் நம் சாலைகளில் ஒரு மாதம் ஓட்டுங்கள். பிறகு ஓப்பன் ஃபில்டரைக் கழற்றி, அதற்குப் பின்னால் உள்ள குழாயின் உட்புறத்தை வெள்ளை வேட்டித் துணியால் துடையுங்கள். துணி செம்மண் நிறமாக வந்தால், அது வழியில் ஒட்டி நின்ற மிச்சம் மட்டுமே. மீதியைப் பிஸ்டன் ஏற்கெனவே அரைத்துக்கொண்டிருக்கிறது.