மிதிவண்டிக்கு ஒரு வழி



காலையிலும் மாலையிலும் தொழிற்சாலைகளில் வேலை மாறும் வேளையில், வேப்பம்பட்டு வழியாகச் செல்லும் சென்னை – திருவள்ளூர் நெடுஞ்சாலையில் மிதிவண்டி ஓட்டுபவரைக் காண நேர்ந்தால் உள்ளம் பதைக்கும். சரக்கு லாரிகளும் நிறுவனப் பேருந்துகளும் தண்ணீர் வண்டிகளும் ஒன்றையொன்று முந்த, அவர் தாருக்கும் மண்ணுக்கும் இடைப்பட்ட ஒரு சாண் விளிம்பில் தம் உயிரைப் பிடித்துக்கொண்டு செல்கிறார். இதே இருப்புப்பாதையில் கிழக்கே சில நிலையங்கள் தள்ளியிருக்கும் அம்பத்தூரிலோ, 1949-இல் தோன்றிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் இலட்சக்கணக்கான மிதிவண்டிகளைச் செய்து நாட்டிற்கு அளித்தது. வண்டி பிறந்த மண்ணிலேயே வண்டிக்கு வழியில்லை!

அம்பத்தூரில் உருவான ஹெர்குலிஸ் வண்டியின் பெயரும் தொழில்நுட்பமும் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரிலிருந்து வந்தவை. வண்டியைத் தந்த அந்நாட்டிலும் மோட்டார் வாகனங்கள் பெருகியபோது மிதிவண்டிக்காரர் சாலையோரம் தள்ளப்பட்டனர். அவர்கள் அதற்குக் கண்ட மாற்றுவழி நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

இங்கிலாந்தின் டெர்பிஷயர் பகுதியில் பீக் டிஸ்ட்ரிக்ட் என்னும் குன்று நாடு உள்ளது. 1951-இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்ற நிலம் அது. அங்குள்ள சாலைகள் செங்குத்தாக ஏறி இறங்குபவை. பழக்கமில்லாதவர் மூச்சு வாங்கி இறங்கித் தள்ளவே நேரிடும். ஆனால் இரயில் வண்டியால் அவ்வாறு ஏற இயலாது. ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பொறியாளர்கள் மேட்டைக் குடைந்தும், பள்ளத்தை நிரப்பியும், ஆற்றின் குறுக்கே உயர்ந்த பாலங்களை எழுப்பியும் மென்மையான சரிவில் தண்டவாளம் பதித்தனர்.

1963-இல் பீச்சிங் என்பார் அளித்த புகழ்பெற்ற அறிக்கை, இழப்பில் ஓடிய இருப்புப்பாதைகளை மூடுமாறும், 2,000-க்கு மேற்பட்ட நிலையங்களை அடைக்குமாறும் பரிந்துரைத்தது. அக்காலத்தில் பல கிளைப் பாதைகள் மூடப்பட்டுத் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. எஞ்சி நின்றது குன்றுகளுக்கிடையே வளைந்து செல்லும் அந்த மென்மையான சரிவு. பீக் டிஸ்ட்ரிக்ட் நிருவாகத்தார் அந்நிலத்தை விலைக்கு வாங்கி, 1971-இல் டிஸ்ஸிங்டன் பாதையை நடப்போருக்கும் மிதிவண்டிக்காரருக்கும் திறந்துவிட்டனர். 13 மைல் நீளமுள்ள அப்பாதையில் மோட்டார் வாகனத்திற்கு இடமில்லை. 1981-இல் மான்சல் பாதை திறக்கப்பட்டது. அதன் பெரிய சுரங்க வழிகள் மட்டும் பாதுகாப்புக் கருதி நெடுங்காலம் அடைக்கப்பட்டிருந்து, செப்பனிடப்பட்ட பின் 2011-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன.

பிரிஸ்டல், பாத் ஆகிய இரு நகரங்களுக்கு இடையிலோ, 1977-இல் ஒன்றுகூடிய குடிமக்கள் குழுவொன்று கைவிடப்பட்ட இருப்புப்பாதையில் 1979-ஆம் ஆண்டுக் கோடையில் தன்னார்வலர்களைக் கொண்டு முதல் பகுதியை அமைத்தது. 1986-க்குள் 13 மைல் பாதை முழுமை பெற்றது. இன்று அதன்மேல் உல்லாசப் பயணிகள் மட்டும் செல்வதில்லை. பள்ளிப் பிள்ளைகளும் பணியாளர்களும் நாள்தோறும் செல்கின்றனர்.

'நம் இருப்புப்பாதை உயிரோடு ஓடுகிறதே, நமக்கு அத்தகைய வழி ஏது?' என நீங்கள் கேட்கலாம். மெய்தான். இரயில் ஓடும் பாதை நமக்கு வேண்டாம். ஆனால் செங்குத்தாய்ச் செல்ல ஒண்ணாத வேறொன்று நம்மிடம் உண்டு. அது தண்ணீர். வாய்க்கால் சிறுகச் சிறுகச் சரிந்துதான் ஓடும்; ஏரிக்கரை மட்டமாகத்தான் நிற்கும். ஆதலின் வாய்க்காற்கரையும் ஏரிக்கரையும் மிதிவண்டிக்கு இயற்கையாகவே இசைந்தவை.

திருவள்ளூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் உள்ள பூண்டி நீர்த்தேக்கத்தை நினைத்துப் பாருங்கள். கொசஸ்தலையாற்றின் குறுக்கே கட்டப்பெற்று 1944-இல் திறக்கப்பட்ட அது, சென்னை மேயராயிருந்து அதற்காக உழைத்த சத்தியமூர்த்தியின் பெயரைத் தாங்குகிறது. அவரோ திறப்பு விழாவைக் காணாமலே 1943-இல் மறைந்தார். ஆந்திரத்தின் கண்டலேறு நீர்த்தேக்கத்திலிருந்து புறப்பட்டு, ஊத்துக்கோட்டைப் பக்கமாய்த் தமிழகத்துள் நுழையும் கிருஷ்ணா நீர்க் கால்வாயும் மொத்தம் 177 கிலோமீட்டர் கடந்து பூண்டியிலேயே வந்து சேர்கிறது. 1996-இல் அந்நீர் முதன்முதலாகத் தமிழக எல்லையை அடைந்தது.

நெடுஞ்சாலையை நீங்கிப் பூண்டிப் பக்கம் செல்லும் மிதிவண்டிக்காரருக்கு இரைச்சல் மெல்ல மெல்லக் குறைகிறது. வயல்களும் சவுக்குத் தோப்புகளும் கடந்தபின் செம்மண்ணும் கூழாங்கல்லும் கலந்த அல்லிக்குழிக் குன்றுகள் தென்படுகின்றன. அவற்றின் அருகிலுள்ள அத்திரம்பாக்கத்தில்தான் இராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-இல் தொல்மாந்தரின் கற்கருவிகளைக் கண்டார். அங்குக் கிடைத்த மிகப் பழைய கருவிகளின் வயது ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் என 2011-இல் ஆய்வாளர் அறிவித்தனர். குடியம் குகைகளுக்கோ சிற்றூரில் வண்டியை நிறுத்திவிட்டுக் காட்டு வழியே நடந்துதான் செல்ல வேண்டும். வனத்துறையாரின் அனுமதியை முன்னரே கேட்டறிவது நலம். விடியுமுன் புறப்படுக, தண்ணீரும் பஞ்சர் ஒட்டும் பொருளும் உடன் இருக்கட்டும், தனியே செல்லற்க. ஐப்பசி, கார்த்திகை மழையில் மதகுகள் திறக்கப்படும் நாட்களில் ஆற்றுப் பக்கம் போகவே வேண்டா.

விடுமுறை உலா ஒருபுறம் இருக்கட்டும். இதில் நம் குடும்பங்களைத் தொடும் செய்தி வேறொன்று உண்டு. 2001-02-ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கியது. ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியரோடு தொடங்கிய அத்திட்டம், பின்னர் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் 11-ஆம் வகுப்புப் பயிலும் மாணவ மாணவியர் அனைவருக்கும் விரிவாயிற்று. எத்துணை அரிய கொடை! ஆயினும் நெடுஞ்சாலையை அடுத்த வீடுகளில் அவ்வண்டி பல வேளைகளில் திண்ணையோரம் சாய்ந்து துருவேறுகிறது. பெற்றோரைக் குறை சொல்லல் தகாது. லாரிகளுக்கு நடுவே தம் மகளை அனுப்ப எந்தத் தாய்க்கு மனம் வரும்? வண்டியைக் கொடுத்த நாம் வழியைக் கொடுக்கவில்லை.

வழியமைக்கப் புதிதாக நிலம் எடுக்க வேண்டுவதில்லை. குடியிருப்புக்கும் பள்ளிக்கும் நடுவே எந்த ஏரிக்கரை கிடக்கிறது, எந்த வாய்க்காற்கரை எவ்விடத்தில் அறுந்து நிற்கிறது, எத்தனை அடி இணைத்தால் ஒரு முழு வழி அமையும் என்பதை இளைஞர்கள் ஒரு ஞாயிறு பிற்பகலில் நடந்து பார்த்தே குறித்துவிடலாம். கரைகள் அரசின் உடைமை. உரிய துறையாரின் ஒப்புதல் இன்றி ஒரு கூடை மண்ணும் வெட்டலாகாது. கரையை நலிவிக்கும் கனரக வண்டிகள் புகாதபடி நுழைவாயிலில் கல் நடவேண்டும். சிமெண்டுப் பூச்சுள்ள கால்வாயில் தவறி விழுந்த பிள்ளை தானே ஏறிவர இயலாது. அத்தகைய இடத்தில் வேலியின்றி வழியே கூடாது. இவற்றையெல்லாம் எண்ணி எழுதிய கோரிக்கைக்கே மதிப்பு உண்டு.

கிராம சபை தமிழகத்தில் குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்தநாள் ஆகியவற்றோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் கூடுகிறது. ஊராட்சியில் வாழும் வாக்காளர் எவரும் அங்கே எழுந்து பேசலாம். நம்முள் எத்தனை பேர் சென்றிருக்கிறோம்? அடுத்த கூட்டத்திற்கு ஒரு கைப்பட வரைந்த வரைபடத்தோடு பத்துக் குடும்பங்கள் செல்லட்டும். பிரிஸ்டல் நகரத்தார் முதற்கோடையில் அமைத்தது ஐந்து மைலே. நமக்கு முதலில் ஒரு கிலோமீட்டர் போதும். அந்த ஒரு கிலோமீட்டர் பள்ளி வாயிலில் முடிவதாக இருக்கட்டும்.