அதிசயம்னு சொல்லாதீங்க

டவுன்காரன் ஜெயிச்சா திறமை, மலையூர்க்காரன் ஜெயிச்சா அதிசயம். இந்தக் கணக்கு நம்மூர்ல மட்டும்னு நெனச்சுக்காதீங்க. அமெரிக்காவுலயும் இதே கணக்குதான்.

மஞ்சக் காட்டுல தலைக்கு மேல வேலை கெடக்குது. இருந்தாலும் செப்டம்பர் பொறந்தா எனக்கு அந்த ஒரு மேட்ச் ஞாபகம் வந்துரும். 2007 செப்டம்பர் 1. மிச்சிகன் பல்கலைக்கழகத்தை அதோட சொந்த மைதானத்துலயே அப்பலாச்சியன் ஸ்டேட்ங்கிற மலையூர்க் காலேஜ் 34-32ன்னு சாய்ச்ச நாள். தோட்டத்துக்குத் திரும்பி வர்றதுக்கு முன்னாடி நாலு வருசம் வட கரோலினாவுல சார்லட்ல கம்ப்யூட்டர் வேலை பாத்தவன் நான். பழைய வாசகர்களுக்குத் தெரியும். அப்பப் புடிச்ச கிறுக்கு இது, இன்னும் விடல.

அமெரிக்கக் கால்பந்துங்கிறது நம்ம கால்பந்து இல்லீங்க. முட்டை மாதிரி இருக்கற பந்தைக் கையில தூக்கிட்டு ஓடற ஆட்டம். கோட்டைத் தாண்டினா 6 பாயின்ட். அதுக்கப்புறம் ஒரு உதை உதைச்சா 1, துணிஞ்சு இன்னொரு தடவை உள்ள கொண்டு போனா 2. தூரத்துல இருந்து ரெண்டு கம்பத்துக்கு நடுவுல உதைச்சா 3. இவ்வளவு தெரிஞ்சா போதும்.

அந்தத் தேதியில மிச்சிகன் நாட்டுலயே 5வது எடத்துல இருந்த டீம். அவங்க மைதானத்துல அன்னிக்கு ஒரு லட்சத்து ஒன்பதாயிரம் பேருக்கு மேல கூட்டம். அப்பலாச்சியன் ஸ்டேட் இருக்கற பூன்ங்கிற ஊரோட மொத்த ஜனத்தையும் கொண்டு போய் ஒக்கார வெச்சாலும் ஆறுல ஒரு பங்கு நெறையறது கஷ்டம். படிப்புச் செலவு குடுத்து ஆளு சேத்துக்கறதுல அப்ப மேல்மட்டக் காலேஜுக்கு 85 பேர் வரைக்கும் அனுமதி இருந்துச்சு, இவங்க இருந்த அடுத்த மட்டத்துக்கு 63தான். அப்புறம் எதுக்கு இவங்களை ஆடக் கூப்பிட்டாங்க? தோக்கறதுக்குத்தான். அதுக்கு மிச்சிகன் குடுத்த தொகை 4 லட்சம் டாலர்.

இதை எங்க சித்தப்பாகிட்ட ஒரு நாள் வரப்புல ஒக்காந்து வெளக்கிட்டு இருந்தேன்.

"ஏங்கண்ணு, காசு குடுத்துத் தோக்கச் சொன்னா அது சூதாட்டமல்ல?"

"தோக்கச் சொல்லி யாரும் வாயத் தொறந்து சொல்றதில்லீங் சித்தப்பா. கூப்பிடறவனுக்கும் தெரியும், போறவனுக்கும் தெரியும்."

"அப்படிச் சொல்லு. நம்ம பசங்களுக்கு வேன் வாடகை குடுத்து மொத ஆட்டத்துக்குக் கூப்பிடற கபடிப் போட்டி மாதிரி."

அதேதான். பெரிய காலேஜுக்கு சொந்த ஊர்ல ஒரு ஆட்டம் கூட நடந்தா டிக்கெட் காசு, ரெக்கார்டுல ஒரு சுலபமான வெற்றி. சின்னக் காலேஜுக்கு அந்தப் பணத்துல மத்த விளையாட்டுகளோட செலவு ஓடும். ரெண்டு பேருக்கும் லாபந்தானேன்னு சொல்லுவாங்க. வாங்கறவனே வெல நிர்ணயிக்கற எந்த யாவாரத்தையும் இப்படித்தான் சொல்லுவாங்க, மஞ்ச மண்டிக்குப் போனவனுக்குத் தெரியும்.

இப்ப என் கேள்விக்கு வர்றேன். நடந்தது அதிசயமா?

அப்பலாச்சியன் ஸ்டேட் 2005லயும் 2006லயும் அவங்க மட்டத்துல தேசிய சாம்பியன். ரெண்டு வருசமா ஜெயிக்கறதைத் தவிர வேற வேலை பாக்காத பசங்க. கோச் ஜெர்ரி மூர் வயசானவர். 2004 வாக்குல தன்னோட ஆட்டமுறையையே மாத்திட்டார். ஆளுகளை மைதானம் பூராவும் அகலமாப் பிரிச்சு நிறுத்தி, எடைக்குப் பதிலா வேகத்தை வெச்சு ஆடற முறை. அதைக் கத்துக்க அவரோட ஆளுங்க மேற்கு வர்ஜீனியாவுக்குப் போய், ரிச் ரோட்ரிக்கஸ்ங்கிற கோச்சோட கூட்டத்துகிட்டக் கேட்டுட்டு வந்தாங்க. அடுத்தவன் தோட்டத்துக்குப் போய் சொட்டுநீர் எப்படிப் போட்டிருக்கான்னு பாத்துட்டு வர்ற மாதிரி. அதுல அவருக்கு ஒரு கூச்சமும் இல்ல. எனக்கு அந்த மனுசனை ரொம்பப் புடிச்சதே அதனாலதான்.

அந்த முறைக்கு ஏத்த மாதிரி ஆர்மான்டி எட்வர்ட்ஸ்னு ஒரு ஒல்லிப் பையன். மேட்ச் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே அவன் போட்ட பந்தைப் புடிச்சு டெக்ஸ்டர் ஜாக்சன் 68 கெஜம் கொண்டு போயிட்டான். பின்னாடி ஓடின மிச்சிகன் ஆளுங்களால கிட்ட நெருங்க முடியல. பாதி ஆட்டத்துல 28-17, மலையூர் மேல. ஒருத்தன் தடுமாறி விழுந்ததால வந்த கணக்கில்லீங்க அது.

நான் இதைப் பாக்கல, ரேடியோவுலதான் கேட்டேன். ஒளிபரப்பின சேனல் ஆரம்பிச்சே ரெண்டு நாள்தான் ஆகியிருந்துச்சு, எங்க கேபிள்ல வரல. ரெண்டாம் பாதியில மிச்சிகன் மேல வந்தாங்க. ரெண்டு தடவை கோட்டைத் தாண்டினாங்க, ரெண்டு தடவையும் அந்தக் கூடுதல் 2 பாயின்டுக்குப் போய்க் கோட்டை விட்டாங்க. ஆனாலும் கடைசி அஞ்சு நிமிசத்துல 32-31ன்னு முன்னாடி போயிட்டாங்க. சரி, முடிஞ்சுதுன்னு எந்திரிச்சுக் காப்பி போடப் போனேன். அடுப்பைப் பத்த வெச்சதோட சரி, காப்பி போடல.

ஆட்டத்தை நிறுத்தி மூச்சு வாங்கற உரிமை ஒண்ணுகூட மிச்சம் இல்லாம பூன் பசங்க 69 கெஜம் ஓட்டிட்டுப் போனாங்க. 26 விநாடி இருக்கும்போது ஒரு உதை, 34-32. அப்பவும் முடியல. மிச்சிகன் ஒரே பந்துல 46 கெஜம் தாண்டி, 37 கெஜத்துல இருந்து உதைக்க நின்னாங்க. கோரி லின்ச்ங்கிறவன் ஓரத்துல இருந்து பாஞ்சு அந்தப் பந்தைத் தடுத்தான். தடுத்ததோட விடாம எடுத்துக்கிட்டு ஓடினான் பாருங்க, நேரம் முடியற வரைக்கும் ஓடினான். ரேடியோக்காரர் கத்தினதுல பாதி எனக்குப் புரியல.

மறுநாள் பேப்பர், டிவி எல்லாத்துலயும் 'அதிசயம்'. எனக்கு எரிச்சலா வந்துச்சு. நம்ம பேப்பரை எடுத்துக்குங்க, 'கூலித்தொழிலாளி மகள் சாதனை'ன்னு போடுவாங்க. அந்தப் புள்ள விடியக்காலையில எந்திரிச்சுப் படிச்சது உள்ள மூணாவது பத்தியில எங்கயோ இருக்கும், தலைப்புல அப்பன் தொழில். டாக்டர் மகள் மார்க் வாங்கினா எந்தப் பேப்பராவது 'டாக்டர் மகள் சாதனை'ன்னு போட்டு நீங்க பாத்திருக்கீங்களா? பாராட்டறதாத்தான் நெனச்சு ஷேர் பண்றீங்க, எனக்குத் தெரியும். ஆனா உங்களால இது முடியும்னு நாங்க நெனைக்கவே இல்லேங்கிறதைத்தான் அந்தத் தலைப்பு சொல்லுது.

அக்டோபர்ல எல தொலைக்கிற சீசனுக்கு சார்லட்ல இருந்து ரெண்டு மணி நேரம் மலையேறி பூனுக்குப் போனேன். சுத்தி எங்க பாத்தாலும் கிறிஸ்துமஸ் மரத் தோட்டம். ஃப்ரேசர் ஃபிர்ங்கிற சாதி. ஆளுயரம் வளர ஏழெட்டு வருசத்துக்கு மேல ஆகும், வருசா வருசம் ஒவ்வொரு மரத்தையும் ஆளு நின்னு கையால கழிச்சு உருவம் கொண்டு வரணும். டிசம்பர்ல வாங்கிட்டுப் போறவங்களுக்கு அது ஒரு நாள் ராத்திரி வெளக்கு போட்டு நிக்கற மரம், அவ்வளவுதான்.

அந்த வருசமே மிச்சிகன் கோச் ஓய்வு பெற்றார். அவருக்குப் பதிலா யாரை எடுத்தாங்க தெரியுமா? அதே ரிச் ரோட்ரிக்கஸ்! மொத வருசம் மூணு வெற்றி, ஒன்பது தோல்வி. முறையை வாங்கிட்டாங்க, அதுக்கேத்த ஆளுங்க கையில இல்ல.

பூன் பசங்க 2014ல மேல்மட்டத்துக்கே போயிட்டாங்க. அந்த வருசம் மறுபடி மிச்சிகன்ல ஆடி 52-14ன்னு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாங்க. அதையும் சொல்லணுமில்ல. அப்புறம் 2022ல டெக்சாஸ் ஏ அண்ட் எம் 15 லட்சம் டாலர் குடுத்துக் கூப்பிட்டாங்க. நாட்டுல 6வது எடத்துல இருந்த டீம். 17-14, மலையூர்க்காரங்க ஜெயிச்சுட்டுக் காசையும் வாங்கிட்டு வந்தாங்க. அன்னிக்கும் 'அதிசயம்'னுதான் போட்டாங்க.

2007ல ஜெயிச்ச அன்னிக்கு பூன்ல என்ன பண்ணாங்க தெரியுமா? மேட்ச் நடந்ததோ பல நூறு மைலுக்கு அந்தப் பக்கம். இவங்க பசங்க காலியாக் கெடந்த சொந்த மைதானத்துக்குள்ள போய், அங்க இருந்த கோல் கம்பத்தைப் புடுங்கித் தோள்ல வெச்சுத் தெருவுல ஊர்வலமாத் தூக்கிட்டுப் போய் காலேஜ் தலைவர் வீட்டு வாசல்ல போட்டுட்டாங்க.