ட்ரியர் நகரத்துப் பிசாசுப் பட்டியல்

அகங்காரத்துக்கு லூசிஃபர், லோபத்துக்கு மாமோன், மோகத்துக்கு அஸ்மோதேயு, காய்மகாரத்துக்கு லெவியாதான், போசனப்பிரியத்துக்குப் பெயல்செபூல், கோபத்துக்குச் சாத்தான், சோம்பலுக்குப் பெல்பெகோர். தலையான பாவம் ஏழுக்கும் ஆளுக்கொரு பிசாசு. காமிக்ஸிலும் வீடியோ கேமிலும் இன்று உலவும் இந்தப் பட்டியலை 1589இல் எழுதியவர், ஜெர்மனியின் ட்ரியர் நகரத் துணை ஆயர் பீட்டர் பின்ஸ்ஃபெல்ட். அது எந்தப் புத்தகத்துக்காக எழுதப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாக வேண்டும்.

சூனியக்காரிகள் என்று பிடிபட்டவர்களின் வாக்குமூலத்தை நம்பலாமா என்பதுதான் அந்த லத்தீன் நூல் எடுத்துக்கொண்ட கேள்வி. நம்பலாம் என்றார் பின்ஸ்ஃபெல்ட். சித்திரவதையில் ஒருத்தி காட்டிக்கொடுக்கும் பெயர்களையும் நம்பலாம் என்றார். அப்புறம் பெயருக்கு என்ன பஞ்சம்? 1587 முதல் 1593 வரை ட்ரியரைச் சுற்றியுள்ள 22 கிராமங்களில் மட்டும் 368 பேரை எரித்தார்கள். நூல் வெளிவந்த அதே ஆண்டில் நகர நீதிபதி டீட்ரிஷ் ஃபிளாடேயும் பலியானார். பல்கலைக்கழகத் தலைவராக இருந்தவர். சூனிய வழக்குகளில் கடுமை காட்டத் தயங்கியவர். பிடிபட்டவர்கள் அவர் பெயரைச் சொன்னார்கள். அது போதுமானதாக இருந்தது.

பிசாசுகளைப் பட்டியலிட்டவர்கள் எல்லோரும் இப்படி இல்லை. கிளேவ்ஸ் பிரபுவின் வைத்தியர் யோஹான் வையர் 1577இல் 69 பிசாசுகளை அடுக்கினார். மந்திரவாதிகளின் புரட்டை வெளிச்சம் போடுவதே அவர் நோக்கம். யாரும் செய்துபார்க்கக் கூடாது என்று மந்திரங்களில் சிலவற்றை வேண்டுமென்றே விட்டுவிட்டார். சூனியக்காரி என்று இழுத்துவரப்படும் கிழவிக்கு மனநோய், அவளுக்கு வைத்தியம்தான் தேவை என்று 1563லேயே எழுதியவர் அவர். நம் மதிப்பில் அந்த நூற்றாண்டின் பெரிய மனிதர்களில் ஒருவர்.

ட்ரியரிலேயே ஒரு குரல் எழுந்தது. கொர்னேலியுஸ் லூஸ் என்ற கத்தோலிக்கக் குரு, சித்திரவதைதான் இந்த வாக்குமூலங்களை உண்டாக்குகிறது என்று புத்தகம் எழுதினார். அச்சில் இருக்கும்போதே பறித்துக்கொண்டார்கள். அவரைச் சிறையில் போட்டார்கள். 1593இல் பின்ஸ்ஃபெல்ட் முதலானோர் முன்னிலையில், எழுதியது அத்தனையும் தவறு என்று சொல்லவைத்தார்கள். அவருடைய கையெழுத்துப் பிரதி 1886இல்தான் ட்ரியர் நூலகத்தில் கிடைத்தது.

பிசாசுகளின் பெயரை ஒப்பிக்கும் வாசகர்கள், ஃபிளாடேயின் பெயரையும் லூஸின் பெயரையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.