காந்தளூர்ச்சாலைக்கு எத்தனை புள்ளி?

திருவனந்தபுரத்தின் வலியசாலை மகாதேவர் கோயிலைக் கைப்பேசி வரைபடத்தில் தேடினால் புள்ளி உடனே வந்துவிடும். கோயில் அங்கேதான் இருக்கிறது, அதில் வம்பில்லை. அதே புள்ளியைத் தரவுத்தளத்தில் ‘காந்தளூர்ச்சாலை’ என்று ஏற்றுவது வேறு காரியம். முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியில் பேர்பெற்ற அந்தக் கல்விச்சாலை வலியசாலையில்தான் இருந்தது என்பவர்கள், கோயிலோடு ஒட்டிவரும் காந்தளூர் என்ற பெயரைக் காட்டுகிறார்கள். விழிஞ்சம் துறையை ஒட்டித் தேட வேண்டும் என்பாரும் உண்டு. இரண்டுக்கும் இடையே பத்துக் கிலோமீட்டருக்கு மேல். நாமோ அட்சரேகையைத் தசமப் புள்ளிக்குப் பின் ஆறு இலக்கத்துக்கு எழுதுகிறோம். அதாவது, ஒரு சாணுக்கும் குறைவான துல்லியம்!

நிற்கும் கட்டடம் ஒரு பதிவு. கல்வெட்டு கிடைத்த இடம் இன்னொன்று. ‘இதுவே அது’ என்ற அடையாளங்காணல் மூன்றாவது. மூன்றையும் ஒரே வரிசையில் அடைத்தால், அடுத்து வருபவர் கருத்தைக் கள ஆதாரமாக எடுத்துக்கொள்வார். சாலைக்குப் புள்ளி வேண்டாம். வாதத்துக்கு ஒன்றாக எல்லைப்பரப்புகள் வரைந்து, ஒவ்வொன்றின் மேலும் யார், எதை வைத்துச் சொன்னார் என்று எழுதினால் போதும்.

பழைய வரைபடத் தாள்களை இன்றைய வரைபடத்தின் மேல் அடுக்கும்போது வரும் வில்லங்கம் தெரிந்ததுதான். ஆனாலும் நம் மேசைக்கு வரும் கட்டுரைகளில் அது தீர்ந்தபாடில்லை. எவரெஸ்ட் நீள்கோளத்தில் அமைந்த சர்வே தாளை டபிள்யூ.ஜி.எஸ். 84-க்கு மாற்றாமல் போட்டால், இந்தப் பக்கத்தில் நூறு மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். வலியசாலை அக்கிரகாரத்தில் நூறு மீட்டர் என்றால் வேறு தெரு. மத்தியப் பாதுகாப்பிலுள்ள சின்னங்களுக்கு 2010 திருத்தச் சட்டம் விதித்த கட்டுமானத் தடைப்பகுதியும் அதே நூறு மீட்டர்தான். 1816–20இல் வார்டும் கானரும் திருவிதாங்கூரை அளந்த வரைபடங்களில் இந்த இடமாற்றச் சிக்கல் இன்னும் கூடும். அவற்றில் ஊரும் ஆறும் எந்தெந்தப் பக்கம் என்று படிக்கலாம். மீட்டர் கணக்குப் பார்க்கக் கூடாது.

செயற்கைக்கோளுக்கு வருவோம். 1960 முதல் 1972 வரை அமெரிக்கா உளவுக்காக எடுத்து 1995இல் வெளியிட்ட கொரோனா படங்களில், சிரியாவின் மண்மேடுகளும் பழைய பாதைகளும் பளிச்சென்று தெரிந்தன. அதே ஆசையோடு திருவனந்தபுரத்தைப் பார்த்தால் தெரிவது தென்னந்தலையும் கான்கிரீட் தளமும்தான். இரண்டு பருவமழையும் போக, மேகமில்லாத நாட்கள் பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரைதான். செயற்கைக்கோளை ஏற்றும் ஏவூர்திகளை உருவாக்கும் தும்பா இதே ஊரில் இருந்தும், கோளின் கண் நம் தோப்புகளுக்குள் நுழைவதில்லை.

அதனால் கொரோனா இங்கே பயனற்றது என்று ஆகாது. புதியதைக் கண்டுபிடிக்க அல்ல, எது எப்போது போனது என்று காலங்குறிக்க அது வேண்டும். நல்ல சுருளில் துல்லியம் சுமார் இரண்டு மீட்டர். கோயில் குளம் தெரியும், கிணற்றின் கைப்பிடிச் சுவர் தெரியாது. கிள்ளியாற்றுக் கரையில் வயலாகவோ தோப்பாகவோ இருந்த இடத்தில் வீடுகள் ஏறியது எப்போது என்பதை, அறுபதுகளின் படத்தையும் 2005க்குப் பிந்திய கார்ட்டோசாட் படங்களையும் பக்கத்தில் வைத்தால் ஓரளவு சொல்லிவிடலாம். அகழாய்வுக்கு வெற்றிடம் எங்கே மிச்சமிருக்கிறது என்ற கேள்விக்கும் அதுவே முதல் வடிகட்டி.

நம் ஆட்கள் தொடாமல் விட்ட மூலம் செப்பேடுகள். அவற்றின்படி, காந்தளூர்ச்சாலையை முன்மாதிரியாகக் கொண்டு, ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866இல் பார்த்திவசேகரபுரத்தில் ஒரு சாலை நிறுவினான். அதற்கான நிலத்தை முஞ்சிறைச் சபையிடமிருந்து மாற்றாகப் பெற்றான். ஊர் இன்று குமரி மாவட்டத்தின் பார்த்திவபுரம். முஞ்சிறையும் அருகிலேயே இருக்கிறது. கல்வெட்டு வாசிப்பவரும் ஜி.ஐ.எஸ். இயக்குபவரும் அங்கே ஒருமுறை சேர்ந்து நடந்தால், சாலை ஒன்றுக்கு எவ்வளவு நிலம் தேவைப்பட்டிருக்கும் என்பதற்கு ஒரு பிடி கிடைக்கும். அதன் பிறகு வலியசாலையின் நெருக்கத்தில் அத்தனை இடம் எங்கே அடங்கும் என்று கேட்கலாம்.

இனி இவ்விதழுக்கு வரைபடம் அனுப்புவோர் ஆயத்தொலைவோடு மூன்றைச் சேர்த்து எழுதுக: எந்த டேட்டம் (எவரெஸ்டா, டபிள்யூ.ஜி.எஸ். 84-ஆ), எத்தனை மீட்டர் பிழை, நேரில் பார்த்ததா திரையில் பார்த்ததா. இவை இல்லாத வரைபடங்களைத் திருப்பி அனுப்புவோம்.