நால்வர் அமரும் மேசை

ஒருவரை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்துச் செல்லும் நாள் நெருங்கும்போது, குடும்பத்தார் ஒரு பட்டியல் எழுதுவது வழக்கம். தலைப்பக்கம் உயர்த்தக்கூடிய கட்டில், சக்கர நாற்காலி, கழிவறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி, மாத்திரைப் பெட்டி. எங்கள் தந்தையார் பக்கவாதத்துக்குப் பின் வீடு திரும்பியபோது உடன்பிறந்தார் மூவரும் எழுதிய பட்டியலிலும் இவையே இருந்தன. அதில் ஒரு சீட்டாட்ட மேசையும் இருந்திருக்க வேண்டும் என்பது இன்று எங்கள் கருத்து. இதை நாங்கள் நான்கு மாதம் கழித்தே உணர்ந்தோம்.

தந்தையாருக்கு வலக்கையும் வலக்காலும் தளர்ந்திருந்தன; பேச்சு பெரும்பாலும் போயிருந்தது. பிறர் சொல்வது நன்றாகவே புரிந்தது. ஆனால் காண வந்தவர்கள் கட்டிலருகே நின்று, அவரைப் பற்றி எங்களிடம் கேட்டார்கள். "சாப்பிடுகிறாரா? தூங்குகிறாரா?" எல்லாம் அவர் காதில் விழவே நடந்தது. ஞாயிறுதோறும் எங்கள் திண்ணையில் அவருடன் சீட்டாடிய நண்பர்கள் மூவரும் இருமுறை வந்தார்கள், பிறகு வரவில்லை. அன்பு குறைந்ததால் அன்று. விடை சொல்ல இயலாத நண்பரிடம் என்ன பேசுவதென்று அவர்களுக்குத் தெரியவில்லை.

மேசை செய்ய முடிவெடுத்ததும் உறவினரிடமிருந்து மறுப்பு எழுந்தது. "நோயாளி இருக்கும் வீட்டில் சீட்டா?" அந்த அச்சத்தை நாங்கள் இகழவில்லை. பணம் வைத்து ஆடி அழிந்த குடும்பங்களை நாமெல்லாரும் அறிவோம். ஆகவே மேசை மீது ஒரு நாணயமும் வரக்கூடாது என்பதை முதல் விதியாக வைத்தோம். பணத்தை நீக்கியபின் எஞ்சுவது எண்ணும் நினைவும் கூட்டாளியின் மனத்தை அறிதலுமே.

அவர்கள் ஆடுவது முந்நூற்று நான்கு. இரண்டு முதல் ஆறு வரையுள்ள சீட்டுகளை நீக்கி, 32 சீட்டுகளால் ஆடுவது. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2 புள்ளிகள். எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓரினத்துக்கு 76, நான்கு இனத்துக்கும் சேர்த்து 304. எதிரெதிரே அமர்ந்த இருவர் ஒரு கட்சி. யாரிடம் எந்தச் சீட்டு போயிற்று, துருப்பு எது என்று நினைவில் வைக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் வாய்ப்பேச்சு தேவையில்லை. எத்தனை புள்ளி கேட்கிறோம் என்று சொல்லும் கட்டத்துக்கு மட்டும், எண்கள் எழுதிய அட்டையை அவருடைய இடப்பக்கத்தில் ஒட்டினோம். விரலால் தொட்டுக் காட்டினால் போதும்.

மேசையை நாங்களே செய்தோம். முதல் முறை தவறாகவே செய்தோம். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் மூன்றடிச் சதுரம் வெட்டி வாங்கி, உணவு மேசையின் உயரமான 75 சென்டிமீட்டருக்குக் கால்கள் பொருத்தி, பலகையின் கீழே நான்கு அங்குலச் சட்டம் அடித்தோம். சக்கர நாற்காலியின் கைப்பிடி அந்தச் சட்டத்தில் முட்டியது. தந்தையார் மேசைக்கு ஒரு முழம் அப்பால் நின்றுவிட்டார். நாற்காலியை அளக்காமல் மேசையை அளந்ததன் பலன் அது. அவர் பக்கத்துச் சட்டத்தை எடுத்துவிட்டு, அந்த மூலைகளில் எல் வடிவ இரும்புப் பட்டைகளை முடுக்கினோம். கால்களின் அடியில் மரக்கட்டை வைத்து மூன்று சென்டிமீட்டர் உயர்த்தினோம். இப்போது நாற்காலி உள்ளே நுழைகிறது. தளர்ந்த கை தொங்காமல் மேசை மீது தாங்கலாக இருக்கிறது.

வெறும் பலகையில் சீட்டு வழுக்கும். ஒரு கையால் எடுக்க வராது. கம்பளித் துணி விரித்தோம். அடியில் ஒட்டுப்பட்டை வைத்ததால் கழற்றித் துவைக்க முடிகிறது. சீட்டைப் பிடிக்க ஓரடி நீளச் சட்டத்தில் ரம்பத்தால் சற்றுச் சாய்வாக ஒரு காடி இழைத்தோம். எட்டுச் சீட்டும் ஒன்றன்மேல் ஒன்று சிறிது ஏறி அதில் நிற்கின்றன. மேசையின் ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்தவர் தந்தையாரே. இடக்கையால் மூன்று நாள் தேய்த்தார்.

நண்பர்கள் திரும்ப வந்தார்கள். முதல் ஆட்டத்தில் தந்தையார் தவறான சீட்டை இறக்கினார். நாங்கள் மூச்சடக்கி நின்றோம். எதிரே இருந்த கூட்டாளி பழைய வழக்கம்போல், "என்னய்யா ஆடுறீர்?" என்று கடிந்துகொண்டார். தந்தையார் சிரித்தார். நோயுற்றபின் அவரை யாரும் கடிந்ததில்லை, எல்லாரும் இரங்கினார்கள். அவருக்காகத் தோற்றுக் கொடுக்க வேண்டாம் என்று நண்பர்களிடம் அன்றே கேட்டுக்கொண்டோம்.

இது மருத்துவம் அன்று. பேச்சுப் பயிற்சியும் உடற்பயிற்சியும் தொடர்கின்றன. எவ்வளவு நேரம் அமரலாம் என்பதை இயன்முறை மருத்துவரிடம் கேட்டே தொடங்கினோம். களைப்புத் தெரிந்தால் ஆட்டத்தை நிறுத்துகிறோம். விழுங்குவதில் இடர்ப்பாடு உள்ளவர் முன்னே நொறுக்குத்தீனி வைக்கலாகாது. எழும்போது மேசையைப் பிடித்து ஊன்ற விடக்கூடாது. அது அதற்காகச் செய்யப்பட்டதன்று.

ஆயினும் ஒன்றைக் கண்டோம். கட்டிலருகே நின்று நலம் விசாரிப்பவர் பத்து நிமிடத்தில் விடைபெறுகிறார். மேசையில் அமர்ந்தவர் ஆட்டம் முடியாமல் எழுவதில்லை. ஆகவே வீட்டுக்கு அனுப்பும் முன் மருத்துவமனைகள் தரும் அறிவுரைகளில் ஒரு கேள்வியும் சேர வேண்டும் என விரும்புகிறோம்: இவர் இதற்குமுன் யாருடன், எதைச் செய்து பொழுதைக் கழித்தார்? சீட்டு விரும்பாதவருக்குத் தாயமோ பல்லாங்குழியோ சதுரங்கமோ இருக்கட்டும். பட்டியல் எழுதும் குடும்பத்தார், கட்டிலுக்கும் கம்பிக்கும் கீழே ஒரு மேசையையும் எழுதிக்கொள்ளுங்கள். பலகை வாங்கும் முன் நாற்காலியின் கைப்பிடி உயரத்தை அளந்துகொள்ளுங்கள்.